அம்மா தண்ணீர் குடிக்காத காரணம்

சமையலறைக்கு ஒரு பெயர், சாமி அறைக்கு ஒரு பெயர் என்று இருக்கும் நம் வீட்டில், கழிப்பறைக்கு மட்டும் எத்தனை பெயர்கள்! தோட்டத்தில் கக்கூஸ் என்றார்கள். அது டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். பட்டணத்துக்கு வந்த பிறகு ஜம்பான், தண்டாஸ் என்று மலாய்ச் சொற்கள் சேர்ந்துகொண்டன. பள்ளிக்கூடத்தில் கழிவறை. விருந்தாளி வந்தால் பாத்ரூம். வயதானவர்களுக்கு அதுவும் வேண்டாம். 'கொஞ்சம் ஒதுங்கணும்' என்பதோடு சரி. ஒரு சொல் கூசத் தொடங்கியதும் அதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடிக்கொள்கிறோம். பெயரைச் சொல்லவே இவ்வளவு கூச்சம் என்றால், அங்கே உட்கார்ந்து எழுவது சிரமமாக இருக்கிறது என்பதை ஒருவர் எப்படி வாய்விட்டுச் சொல்வார்?

என் அம்மா சொல்லவில்லை. அவருக்கு 77 வயது. போன வருடம் நான்கு மாத இடைவெளியில் இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் படுத்தார். இரண்டாவது முறை அரசாங்க கிளினிக்கில் பார்த்த இளம் டாக்டர், மருந்து எழுதுவதற்கு முன்பு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பாட்டி, ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் தண்ணீர் குடிக்கிறீங்க?" அம்மா என் முகத்தைப் பார்த்தார். "குடிப்பேன்" என்றார். எத்தனை என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து கவனித்தேன். காலையில் ஒரு தேநீர். மதியச் சாப்பாட்டோடு அரை கிளாஸ். மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. கேட்டால், "தாகம் இல்ல புள்ள." ஒரு வாரம் விடாமல் கேட்ட பிறகுதான், இரவில் விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னார்: "குடிச்சா ராத்திரி போகணும்ல? அந்த ஜம்பான் ஆடுது. உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியல. விழுந்து இடுப்ப ஒடச்சிக்கிட்டா யாரு பாக்குறது?"

வயதானவர்கள் தண்ணீரைக் குறைத்தால் தொற்று மட்டுமல்ல, மலச்சிக்கலும் தலைச்சுற்றலும் சேர்ந்து வரும். தலைச்சுற்றினால் விழுவார்கள். விழக்கூடாது என்பதற்காகத் தண்ணீரை விட்டவர், அதனாலேயே விழக்கூடிய நிலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இதற்கு மருந்து கிளினிக்கில் இல்லை. எங்கள் வீட்டுக் கழிப்பறையில்தான் இருந்தது.

சிரம்பானில் எண்பதுகளில் கட்டிய தரை வீடு எங்களுடையது. பின்பக்கம் குந்தி உட்காரும் கழிப்பறை. அது அம்மாவின் முட்டிக்கு எட்டாத உலகம். அறைப் பக்கத்தில் இருப்பது உட்காரும் வகை. அதன் பீங்கானைத் தரையோடு சிமெண்டு வைத்துப் பூசியிருந்தார்கள். ஒரு பக்கம் சிமெண்டு வெடித்து, உட்கார்ந்தால் இலேசாகச் சாய்ந்தது. அளவு நாடாவை வைத்துப் பார்த்தேன். தரையிலிருந்து இருக்கை வரை 38 சென்டிமீட்டர். சோபா 40. சாப்பாட்டு மேசை நாற்காலி 46. அம்மாவை ஒவ்வொன்றிலும் உட்காரவைத்து எழச் சொன்னேன். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்தார். சோபாவிலிருந்து என் கையைப் பிடித்தார். ஆக, அவருடைய முட்டிக்கு வேண்டியது ஏழெட்டு சென்டிமீட்டர் உயரம். அவ்வளவுதான்.

ஆள் தேடினேன். வந்து பார்த்த ஒருவர், தரை ஓடு முழுவதையும் உடைத்துப் போடவேண்டும், 2,800 வெள்ளி ஆகும் என்றார். இன்னொருவர் நியாயமான விலை சொன்னார். ஆனால் 'அடுத்த வாரம்' என்று மூன்று முறை சொன்னார். அந்த மூன்று வாரமும் அம்மா மாலை ஐந்து மணியோடு தண்ணீரை நிறுத்திக்கொண்டிருந்தார். நானே செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தம்பி மகன், "அத்தை, தூக்குறதுக்கு நான் வரேன்" என்றான்.

கருவியைத் தொடுவதற்கு முன், அந்தப் பீங்கான் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். அதற்குள் இயந்திரம் எதுவும் இல்லை. தண்ணீரின் எடைதான் எல்லாவற்றையும் செய்கிறது. மேலே தொட்டியில் இருக்கும் தண்ணீர் ஒரே வீச்சில் இறங்கி, கீழே இருப்பதைத் தள்ளிக்கொண்டு போகிறது. பீங்கானுக்குள் குழாய் பாம்புபோல வளைந்து மேலேறி, பிறகு கீழிறங்குகிறது. அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். நாம் பார்ப்பது அதைத்தான். கழிவுக் குழாயிலிருந்து வரும் நாற்றத்தையும் வாயுவையும் வீட்டுக்குள் விடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர் மட்டுமே. இந்த வளைவோடு கூடிய கழிப்பறைக்கு 1775-இல் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங். ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டனில் தொழில் செய்த கடிகாரக்காரர். கடிகாரம் செய்த கை இதைத் தொடக் கூசவில்லை.

அடுத்தது ஹார்ட்வேர் கடை. கடைக்காரச் சீனர் நிறம், விலை எதையும் கேட்கவில்லை. "அக்கா, சுவரிலிருந்து ஓட்டை எத்தனை அங்குலம்?" என்று மலாயில் கேட்டார். எல்லாமே அந்த அளவில்தான் நிற்கிறது. பின்சுவரிலிருந்து, தரையில் இருக்கும் கழிவுக் குழாயின் நடு வரைக்கும் உள்ள தூரம் அது. ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு அங்குலம் என்று வீட்டுக்கு வீடு மாறும். அது தெரியாமல் வாங்கினால், பீங்கான் சுவரில் இடிக்கும். அல்லது சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே பூனை படுக்கும் அளவுக்கு இடைவெளி விழும். கழிவு தரைக்குள் இறங்குகிறதா, சுவருக்குள் போகிறதா என்பது இரண்டாவது கேள்வி. எங்களுடையது தரை, பத்து அங்குலம். தாளில் எழுதி, அறையைப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். இருக்கையோடு சேர்த்து 45 சென்டிமீட்டர் வரும் ஒன்றைக் காட்டினார். 480 வெள்ளி. ரப்பர் வளையம், புதிய தண்ணீர்க் குழாய், சிலிக்கான், திருகாணிகள் எல்லாம் தனி.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். மறுநாள்வரை அந்தக் கழிப்பறை கிடையாது என்பதால், அம்மாவைத் தம்பி வீட்டில் விடுவதாக ஏற்பாடு. அவர் அசையவில்லை. "முடியிறவரைக்கும் நான் இங்கதான்" என்று நாற்காலியைக் கழிப்பறை வாசலுக்கு எதிரே போட்டுக்கொண்டார். சும்மா இருக்கவும் இல்லை. "இதெல்லாம் நீ செய்யுற வேலையா? பொம்பளப் புள்ள கை வைக்கிற எடமா அது?"

சுவரில் இருந்த வால்வை மூடி, தொட்டித் தண்ணீரை இறக்கினோம். வளைவில் மிஞ்சிய தண்ணீரைப் பழைய குவளையால் மொண்டு, கடைசியைப் பஞ்சால் உறிஞ்சி எடுத்தோம். சுவரில் மாட்டியிருந்த பழைய பிளாஸ்டிக் தொட்டியைக் கழற்றினோம். அதற்குப் பிறகுதான் உளியும் சுத்தியலும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடித்த உறை. பீங்கான் உடைந்தால் அதன் விளிம்பு கத்தியைவிடக் கூர்மை. அடிப்பாகத்தைச் சுற்றியிருந்த சிமெண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கினோம். வேகமாக அடித்தால் தரை ஓடு வெடிக்கும்; கீழே இருக்கும் குழாயின் வாயும் உடையும். குழாய் வாய் உடைந்துவிட்டால், அதோடு நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடத்தான் வேண்டும். ஒன்றரை மணி நேரம் பிடித்தது. பிறகு இருவரும் இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல ஆட்டித் தூக்கினோம். முப்பது கிலோவுக்குக் குறையாது.

தரையில் கறுப்பாய் ஒரு வட்டம் தெரிந்தது. நாற்றம் எழுந்தது. உடனே பழைய துணியைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி, குழாயின் வாயை அடைத்தேன். வாயு வராது; திருகாணி, சிமெண்டுத் துண்டு எதுவும் உள்ளே விழாது. அந்தத் துணியைத் திரும்ப எடுக்க மறக்கக்கூடாது என்று தம்பி மகன் கதவில் சாக்பீஸால் பெரிதாகத் 'துணி' என்று எழுதினான்.

நான் மண்டியிட்டு, குழாய் வாயைச் சுற்றி ஒட்டியிருந்த பழைய சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அம்மாவின் சத்தம் நின்றுபோயிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே பேசினார்.

"எங்க தோட்டத்துல வாளிக் கக்கூஸ். லயத்துக்குப் பின்னால வரிசையா இருக்கும். விடியறதுக்கு முன்னாடி ஒரு மனுசன் வருவாரு. தோள்ல கம்பு, ரெண்டு பக்கமும் வாளி. அவரு வந்துபோன சத்தம் கேட்டபிறகுதான் நாங்க வெளிய வருவோம். ஒரு நாள் வெயில்ல எங்க வாசலுக்கு வந்து தண்ணி கேட்டாரு. எங்க ஆயா செம்ப எடுத்துட்டுப் போயி, கைய ஒசரத் தூக்கி, அவரு கையில ஊத்துச்சு. செம்பு அவரு மேல பட்டுடக்கூடாதுல்ல. அவரு குனிஞ்சு, ரெண்டு கையையும் ஏந்திக் குடிச்சாரு. பாதித் தண்ணி மண்ணுல போச்சு."

"அவர் பேரு என்னம்மா?" என்று தம்பி மகனுக்கு முன்பாக நான்தான் கேட்டேன்.

அம்மா யோசித்தார். "பேரு... பேரு சொல்லி யாரும் கூப்பிட்டதில்லயே."

பிறகு என் கையைப் பார்த்தார். முழங்கைவரை உறை, அதன்மேல் கறுப்பு அழுக்கு. "கழுவிட்டு வா. டீ போடச் சொல்றேன்" என்றார். 'பொம்பளப் புள்ள கை வைக்கிற எடமா' என்று அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை. 'ஆளக் கூப்பிடு' என்றும் சொல்லவில்லை.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பலருடைய நினைவிலும் இப்படி ஒரு மனிதர் இருப்பார். நாம் அந்த அறையின் பெயரைச் சொல்லக் கூசியது, வெறும் சுத்தம் சம்பந்தப்பட்ட கூச்சம் அல்ல. அந்த வேலையைச் செய்தவரைத் தொடக் கூசியதும் அதில் கலந்திருக்கிறது. வாளி போய்ப் பல ஆண்டுகள் ஆகியும், வீட்டுப் பீங்கானை நாமே கழற்றுவது என்றால் முகம் சுளிக்கிறோம். விளக்கு மாற்றுகிறோம், மின்விசிறி மாட்டுகிறோம், சுவருக்குச் சாயம் அடிக்கிறோம். இதற்கு மட்டும் 'அதற்கென்று ஆள்' வேண்டும் என்கிறோம். வேலை கடினம் என்பதாலா? இல்லை. மின்விசிறியைவிட இதில் ஆபத்து குறைவு.

பொருத்துவது கழற்றியதைவிட எளிதாகவே இருந்தது. முதலில் எதையும் பூசாமல், புதிய பீங்கானைக் குழாயின் மேல் வெறுமனே வைத்துப் பார்த்தோம். சுவரிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே தூரம் இருக்கிறதா என்று அளந்து, அடிப்பாகத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டோம். திருகாணி வரவேண்டிய இடத்தைக் குறித்தோம். பிறகு பீங்கானை எடுத்துவிட்டு, குறித்த இடத்தில் டேப் ஒட்டித் துளை போட்டோம். டேப் இல்லாவிட்டால் துளைக்கருவி ஓட்டின் மேல் வழுக்கும். எங்களுடையது தரை வீடு, கீழே மண். மாடியிலோ அடுக்குமாடியிலோ இருப்பவர்கள் ஆழமாகத் துளை போடக்கூடாது. தரைக்குள் நீர் கசியாமல் இருக்க ஓர் அடுக்கு போட்டிருப்பார்கள். அதைக் கிழித்தால் கீழ் வீட்டுக் கூரையில் ஒழுகும். அவர்கள் நிர்வாகத்தைக் கேட்டுவிட்டு, தெரிந்த ஆளை வைத்துச் செய்வதே நல்லது.

கதவில் எழுதியிருந்ததைப் பார்த்துத் துணியை எடுத்தோம். ரப்பர் வளையத்தை மாட்டினோம். பீங்கானைப் பென்சில் கோட்டுக்குள் நேராக இறக்கி, மேலே ரசமட்டத்தை வைத்துப் பார்த்தோம். குமிழி நடுவில் நின்றது. திருகாணிகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். கையால் இறுக்கியபின் ஸ்பானரில் கால் சுற்று போதும். பீங்கானுக்கு வளையத் தெரியாது. அதிகம் இறுக்கினால் வெடித்துவிடும். தொட்டியை மேலே வைத்து அதையும் இப்படித்தான். அடிப்பாகத்தைச் சுற்றிச் சிமெண்டுக்குப் பதிலாகச் சிலிக்கான் பூசினோம். நாளைக்கு மறுபடி கழற்ற நேர்ந்தால் உளி வேண்டாம். பின்பக்கம் இரண்டு விரல் அகலம் பூசாமல் விட்டோம். உள்ளே எங்காவது ஒழுகினால் தண்ணீர் அந்த வழியாக வெளியே வந்து காட்டிக்கொடுக்கும்.

வால்வைத் திறந்தோம். தொட்டி நிரம்பியதும், கேசரிக்குப் போடும் சிவப்புச் சாயத்தில் நாலு சொட்டு அதில் விட்டு, அரை மணி நேரம் தொடாமல் இருந்தோம். பீங்கானுக்குள் சிவப்பு தெரிந்தால் தொட்டி கசிகிறது என்று அர்த்தம். தெரியவில்லை. பிறகு ஐந்தாறு முறை தண்ணீரை இறக்கி, அடியைச் சுற்றிக் காகிதத்தால் துடைத்தோம். காகிதம் உலர்ந்தே இருந்தது. சிலிக்கான் இறுக ஒரு நாள் விடவேண்டும். அம்மா அப்போதுதான் காரில் ஏறச் சம்மதித்தார்.

மறுநாள் பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடி மாட்டினோம். உயரத்தை நான் தீர்மானிக்கவில்லை. அம்மாவை உட்காரவைத்து, எழும்போது கை தானாக எங்கே போகிறது என்று பார்த்து, அங்கே குறித்தோம். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுகிறவர்கள் நிறையப் பேர். அது துண்டைத் தாங்கச் செய்தது, ஆளைத் தாங்க அல்ல. கைப்பிடி செங்கல்லில் ஆழமாக இறங்கவேண்டும். தம்பி மகன் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தான்.

எதிர்பாராத ஒரு லாபமும் உண்டு. பழைய தொட்டி ஒவ்வொரு முறையும் ஒன்பது லிட்டரை இறக்கியது. புதியதில் இரண்டு பொத்தான்கள். பெரியது ஆறு லிட்டர், சிறியது மூன்று. நானும் அம்மாவும் சேர்ந்து ஒரு நாளைக்குப் பத்து முறை என்று வைத்துக்கொண்டால், முன்பு 90 லிட்டர். இப்போது பெரியது மூன்று, சிறியது ஏழு என்று 39 லிட்டர். தினமும் ஐம்பது லிட்டருக்கு மேல் மிச்சம்.

அம்மாவோ வேறு கணக்கு வைத்திருக்கிறார். முதல் வாரம், இரவு எட்டு மணிக்கு அரை கிளாஸ். இரண்டாவது வாரம், தொலைக்காட்சி நாடகம் பார்க்கும்போது, "புள்ள, இன்னொரு கிளாஸ் தண்ணி கொண்டா" என்று அவரே கேட்டார். இப்போது தலைமாட்டில் ஒரு போத்தல் இருக்கிறது. காலையில் அது காலி. தொற்று இதுவரை திரும்பவில்லை. இரவில் அவர் எழுந்துபோகும் சத்தம் கேட்கும். கைப்பிடியில் வளையல் உரசும் சத்தம், தண்ணீர் இறங்கும் சத்தம், கதவுச் சத்தம். என்னைக் கூப்பிடமாட்டார். கூப்பிட வேண்டிய தேவை இல்லை.

பக்கத்து நாடான சிங்கப்பூரில் ஜேக் சிம் என்பவர் 2001-இல் உலகக் கழிப்பறை அமைப்பைத் தொடங்கினார். சிங்கப்பூர் கொண்டுவந்த தீர்மானத்தின்படி, நவம்பர் 19-ஆம் நாளை உலகக் கழிப்பறை தினமாக 2013-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்டது. கழிப்பறைக்கு ஒரு நாளா என்று கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. வாய்விட்டுப் பேசாத எதுவும் சரியாவதில்லை என்பதை எங்கள் வீட்டில் பார்த்தபிறகு, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் தாமானில் இருப்பவர்களில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். எல்லா வீடும் ஒரே காலத்தில் கட்டியவை. எல்லார் வீட்டிலும் அதே 38 சென்டிமீட்டர். விஷயம் எப்படியோ பரவிவிட்டது. போன வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனை முடிந்து வரும்போது, மூன்று வீடு தள்ளி இருக்கும் அக்கா என்னை ஓரமாக இழுத்தார். சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "உங்க வீட்டு ஜம்பான் எத்தன ஒசரம்மா? அவருக்கு உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியல. வெளிய சொல்லமாட்டேங்கிறாரு" என்றார் மெல்லிய குரலில்.

"சுவத்துலருந்து ஓட்டை எத்தனை அங்குலம், அக்கா?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன்.

நாளைக் காலை தம்பி மகனும் நானும் அளவு நாடாவோடு அவர் வீட்டுக்குப் போகிறோம்.